எக்ஸ்ரேவுக்கு வந்த போன்

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. முகம் தெரியும். தெரியாமல் எப்படிப் போகும்? உள்ளே நுழைய எத்தனையோ வாசல் வைத்திருக்கிறார்கள், வெளியே போக ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றில் இவர் நிற்பார். பாத்திரம், பக்கெட், போர்வை, பள்ளிக்கூடப் பை என்று மாடி மாடியாகச் சாமான் விற்கும் கடை. வரிசையில் நின்று பணம் கட்டி, அப்பாடா என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது இவர் கை நீளும். பில்லைப் பார்ப்பார், பைக்குள் எட்டிப் பார்ப்பார், கடைசியாக ஆளைப் பார்ப்பார். அப்புறம்தான் பில்லில் ஓட்டை போட்டுத் தருவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்துப் பல காலம் ஆகிறது. வீட்டில் மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேறு வேண்டுமா, தினம் அனுபவிக்கிறாளே!

தொழிலில் அவர் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். நிறுத்தினால் கோபப்படுகிறவர் நல்லவர். நிறுத்தினால் சிரிக்கிறவர் மேல்தான் கண் வைக்க வேண்டும். "எங்களப் பாத்தா திருடங்க மாதிரி தெரியுதா?" என்று எகிறுகிறவர்களைக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். "பாருங்க சார், நல்லா பாருங்க, உங்க கடமைதானே" என்று பல்லைக் காட்டிக்கொண்டு பையை விரித்தவர்களின் குடைக்குள்ளிருந்து கரண்டி செட்டை உருவியிருக்கிறார். ஒருமுறை, அவருடைய மாமனார் வயதில் ஒரு பெரிய மனிதர், கடைச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வியர்த்து விறுவிறுக்கச் சிரித்தபடி வந்தார். அந்தக் கதையை எக்ஸ்ரே சொல்லிக் கேட்காத ஆளே கிடையாது. கேட்டவர்களே மறுபடி கேட்டிருக்கிறார்கள், பாவம்.

இதெல்லாம் வாசலோடு நின்றால் யாருக்கு என்ன? மனுஷர் அந்த வாசலை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். காய்கறிக்காரர் கொசுறாக ஒரு தக்காளி கூடப் போட்டால், "எதுக்குப் போட்டான்?" பக்கத்து வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்டால், "இன்னைக்கு என்ன புதுசா கேக்குறான்?" மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் நோயோடு மல்லுக்கட்டிவிட்டு வருவாள், சிடுசிடுவென்றுதான் இருப்பாள். அதனால் அவள் மேல் அவருக்கு இம்மியளவும் சந்தேகம் வந்ததில்லை. மகள்தான் சிக்கல். ஒரே மகள், செல்ல மகள், உயிரையே வைத்திருந்தார். ஆனால் பிறந்ததிலிருந்தே சிரித்த முகம்.

அந்த மகள் ஒருநாள், வெளிநாட்டில் ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் படிப்பு. சின்ன வயதில் அவர்கள் தெருக்குழாயில் பழுப்பாகத் தண்ணீர் வந்து, அதைக் குடித்து, காமாலையில் படுத்து எழுந்தவள் அவள். அன்றைக்கு மண்டைக்குள் ஏறிய விஷயம் இறங்கவே இல்லை. படிப்புச் செலவில் பாதியைக் கல்லூரியே உதவித்தொகையாகத் தருகிறது, விசா மட்டும் வந்துவிட்டால் போதும், வராவிட்டால் அந்த இடமும் போய்விடும், உதவித்தொகையும் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

மனைவியின் அண்ணன், கிண்டலுக்கென்றே பிறந்தவர், விழுந்து விழுந்து சிரித்தார். "சாக்கடையப் பத்திப் படிக்கவா விமானம் ஏறணும்? எங்க தெருவுக்கு வரச் சொல்லு, இலவசமாவே படிக்கலாம்."

எக்ஸ்ரே சிரிக்கவில்லை. "யாரு உனக்கு இதச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. நானே தேடினேன்."

"நீ தேடின, சரி. அவங்க எதுக்கு உன்னைத் தேடறாங்க? அவங்க ஊர்ல சாக்கடைக்கு ஆள் இல்லையா? பாதிப் பணம் வேற குடுக்கறானாம். யாராவது சும்மா குடுப்பானா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கல்லூரி இருக்கிறது என்று நிரூபிக்கவே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மாளைக் கெஞ்சி, வீடியோவில் கல்லூரியைக் காட்டச் சொன்னாள். அந்த அம்மாளும் நல்ல மனசு, போனைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பறை, மாடிப்படி, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம் என்று எல்லாவற்றையும் காட்டினார். எக்ஸ்ரே கண்ணை இடுக்கிக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

"மரம் எல்லா ஊர்லயும் இருக்கு" என்றார்.

விசா வேலையைப் பார்த்துக்கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கைப் பிடிக்கும். அந்த வேக்காட்டிலும் ஏஜென்ட் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேவுக்கு அதுவே முதல் சந்தேகம். வெயில் காலத்தில் கழுத்தை இறுக்கிக் கட்டுகிறவன் எதையோ மறைக்கிறான். இரண்டாவது, சிரிப்பு. "வாங்க சார், உக்காருங்க சார், தண்ணி குடிங்க சார்" என்று ஒவ்வொரு சாருக்கும் ஒரு சிரிப்பு. அன்றிலிருந்து வீட்டில் அந்த ஆளுக்கு 'டை' என்றே பெயராகிவிட்டது.

சுவர் நிறையப் படங்கள். விசா கிடைத்த பிள்ளைகள் பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எக்ஸ்ரே நாற்காலியில் உட்காராமல் படங்களுக்குக் கிட்டே போய் மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தார். ஒரே பையன் இரண்டு படத்தில் இருந்தான். சட்டை மட்டும் வேறு!

"மாட்டினான்" என்று மகள் காதில் கிசுகிசுத்தார்.

டையிடம் அந்தப் பையன் வீடு எது என்று பேச்சுவாக்கில் விசாரித்துக்கொண்டு, விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறிப் போய்க் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த அம்மாவிடம் படத்தைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "ஐயோ, எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க சார், ரெண்டு பேரும் போயிருக்காங்க" என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தொட்டில் காலத்துப் படம் முதல் எல்லாவற்றையும் காட்டினார். எக்ஸ்ரே வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பினார். எங்கே போனீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, "சும்மா காத்தாட" என்றார்.

செலவை ஏற்பவர் என்று அப்பாவின் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்து விண்ணப்பம் போனது. டை தெளிவாகச் சொன்னார்: "சார், விசா ஆபீஸ்லருந்து உங்களுக்கு ஒரு போன் வரும். சரிபார்க்கத்தான். உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போதும்." விசா ஆபீஸ் என்றதும் இங்கிலீஷில்தான் கேட்பார்கள் என்று எக்ஸ்ரே முடிவு கட்டிவிட்டார். குளியலறையில் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, "யெஸ் சார், மை டாட்டர் சார், ஒன்லி ஒன் சார்" என்று ஒத்திகை பார்த்தார். வெளியே அம்மாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பும் அதிக நாள் நிலைக்கவில்லை. மகள் அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போக ஆரம்பித்தாள். தாழ்ந்த குரல், நடுநடுவே சிரிப்பு. ஓஹோ, அங்கே எவனோ இருக்கிறான், அதுக்குத்தான் இந்தச் சாக்கடைப் படிப்பு! ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்த எக்ஸ்ரே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரிப் படியேறிப் போய் நின்றார்.

"இல்ல சார், கண்டிப்பா திரும்பி வந்துடுவேன் சார்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அந்த சார்?" என்று பாய்ந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் விறைப்பான ஒரு குரல், "சரி, அடுத்த கேள்வி. ஏன் அந்தக் கல்லூரியத் தேர்ந்தெடுத்தீங்க?" என்றது. அவருடைய மனைவியின் குரல். மருந்துக்கடையில் சாப்பாட்டு நேரத்தில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, விசா அதிகாரி மாதிரி மகளுக்கு நேர்காணல் பழக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் செய்தால் இவர் குறுக்கே விழுந்து ஆயிரம் கேட்பார் என்றுதான் இந்த ஏற்பாடு.

மகள் அழுதுவிட்டாள். சிரித்த முகம் அழுதால் பார்க்கச் சகிக்காது. "நான் என்னப்பா தப்பு பண்ணினேன்? பொறந்ததுலருந்து என் பையத் தொறந்து தொறந்து பாக்கறீங்களே, ஒருநாளாவது ஏதாவது கெடச்சுதா? சத்தியம் பண்ணுங்க. மோசடி, ஏமாத்து, திருட்டு, இந்தப் பேச்சே விசா வர்ற வரைக்கும் இந்த வீட்டுல வரக்கூடாது. வந்துச்சுன்னா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன்."

எக்ஸ்ரே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே சத்தியம் செய்தார். அவர் வாழ்க்கையில் ஒழுங்காகக் காப்பாற்றிய சத்தியம் அது ஒன்றுதான் என்று பிற்பாடு மனைவி சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நாட்களில் கடையில் ஒரு துக்கம் நடந்திருந்தது. கேஷியர் அம்மாவுக்கு யாரோ ஒருத்தி போன் செய்து, பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, ரெண்டே நிமிஷம் மேடம் என்று தேனாகப் பேசி, அவர் சேர்த்து வைத்ததை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டாள். கேஷியர் அம்மா கல்லாவிலேயே தலையைக் கவிழ்த்து அழுததைப் பார்த்ததிலிருந்து எக்ஸ்ரே கொதித்துக்கொண்டிருந்தார். என்கிட்ட வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

வந்தது. கூட்டம் நெரியும் சாயங்கால நேரம். ஒரு கையில் யாரோ வாங்கிய பிரஷர் குக்கர், மறு கையில் போன்.

"வணக்கம் சார்" என்று அவர் முழுப் பெயரையும் அவர் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னது ஒரு பெண் குரல். நல்ல தமிழ். "விசா சரிபார்ப்புக்காகப் பேசுறோம். ரெண்டே நிமிஷம் சார்."

ரெண்டே நிமிஷம்! விசா ஆபீஸ் என்றால் இங்கிலீஷில் அல்லவா கேட்க வேண்டும்? எக்ஸ்ரேவின் காது மடல் விறைத்தது. அந்தக் குரல் மகள் பெயரைச் சொன்னது, பிறந்த தேதியைச் சொன்னது, இவர் எந்தக் கடையில் எந்த வாசலில் நிற்கிறார் என்பதைக்கூடச் சொன்னது. இவ்வளவு தெரிந்தவள் எதற்கு நம்மிடம் கேட்கிறாள்? "இவங்க உங்க மகள்தானே சார்?" என்று கேட்டுவிட்டு, மரியாதைக்கு லேசாகச் சிரிக்கவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிந்துபோயிற்று.

"யாரும்மா நீ? எனக்கு மகளே கெடையாது."

"சார், விண்ணப்பத்துல உங்க பேர்தான்…"

"பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். எனக்குக் கல்யாணமே ஆகல. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட்ட, உள்ள தள்ளிருவேன். வைம்மா போன!"

குக்கர்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் பில்லில் ஒன்றுக்கு இரண்டாக ஓட்டை போட்டுக் கொடுத்தார் எக்ஸ்ரே. கேஷியர் அம்மாவிடம் போய் நடந்ததை நடித்தே காட்டினார். கடையே கைதட்டியது. மானேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லத் துடித்தது வாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சத்தியம் ஞாபகம் வந்தது. மோசடிப் பேச்சு இந்த வீட்டில் வரக்கூடாது. எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். என்ன இன்னைக்கு இவ்வளவு சந்தோஷம் என்று மகள் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, விசா வந்ததும் சொல்றேன்" என்றார்.

விசா வரவில்லை. மறுத்துவிட்டார்கள் என்று மகளுக்குச் செய்தி வந்தது. அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளை எழுப்ப முடியவில்லை. எக்ஸ்ரேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. விசாவே வரவில்லை, அப்புறம் சத்தியம் என்ன சத்தியம்! "அப்பவே சொன்னேன் அந்த டை ஃபிராடுன்னு. கேட்டீங்களா? கெளம்புங்க ரெண்டு பேரும்" என்று இருவரையும் இழுத்துக்கொண்டு டயர் கடை மாடிக்குப் போனார்.

டையின் மேஜையை ஓங்கித் தட்டினார். தண்ணீர் டம்ளர் உருண்டது. "என் பொண்ணு வாழ்க்கையோட வெளையாடறியா? என்னய்யா தப்பு பண்ணினா அவ? யாரு கெடுத்தா, சொல்லு! எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

அன்றைக்கு டை சிரிக்கவில்லை. முகம் சிவந்து எழுந்து நின்றார். "யாரு கெடுத்தாங்கன்னு நானும்தான் சார் விசாரிச்சேன். விசா ஆபீஸ்ல உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்க. எனக்கு மகளே இல்லன்னு சொல்லியிருக்கீங்க. கல்யாணமே ஆகலன்னும் சொல்லியிருக்கீங்க. உள்ள தள்ளிருவேன்னும் சொல்லியிருக்கீங்க. இதுக்கு மேல நான் என்ன சார் பண்ணட்டும்?"

கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தாள். கடை வாசலில் அவர் எத்தனையோ பேரைப் பார்த்த அதே பார்வை. அதை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைச் சாத்திவிட்டு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. தெரியாமத்தான் சொன்னீங்களா? இல்ல, அவ போகக்கூடாதுன்னு வேணும்னே சொன்னீங்களா?"

சீ, என்ன கேள்வி இது என்று அவர் பொங்கி எழுந்திருக்க வேண்டும். எழ நினைத்தார். கோபம் வரவில்லை. உதடு தானாக விலகி ஒரு அசட்டுச் சிரிப்புதான் வந்தது. வந்ததை உணர்ந்தவுடன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கணக்குப்படி அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? மகள் போய்விட்டால் அந்த அறை எப்படி இருக்கும் என்று பலமுறை எட்டிப் பார்த்திருக்கிறார், அது உண்மை. விசா கிடைக்காவிட்டால் நல்லது என்று ஒருநாள் பஸ்ஸில் தோன்றியது, அதுவும் உண்மை. ஆனால் அன்று போனில் பேசியது அந்த மனசா, கேஷியர் அம்மாவுக்காகக் கொதித்த மனசா? தன்னையே வாசலில் நிறுத்தி எவ்வளவோ துழாவிப் பார்த்தார். பிடிபடவில்லை.

கல்லூரி இரக்கப்பட்டு அடுத்த பருவத்துக்கு இடத்தையும் உதவித்தொகையையும் தள்ளி வைத்தது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கூடவே, இவள் என் மகள்தான் என்று வக்கீல் முன்னால் அவர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "உங்க மகள்தானே, சந்தேகம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். எக்ஸ்ரே தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். பேனா சரியாக எழுதவில்லை, அழுத்தி எழுதினார்.

அதற்கப்புறம் அவர் போன் அடித்தால் கடையே திரும்பிப் பார்க்கும். குளிக்கும்போதும் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜன்னலில் வைத்துக்கொள்வார். தெரியாத எண் எதுவானாலும் எடுத்தவுடன், எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே, "வணக்கங்க. ஆமாங்க, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நான்தாங்க அவ அப்பா. கேளுங்க" என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவார். காப்பீடு விற்க வந்தவர்கள், வீட்டு மனை விற்க வந்தவர்கள், தப்பான எண் போட்டவர்கள் எல்லோருக்கும் அந்த ஊரில் இப்படி ஒரு பொண்ணு இருக்கிறாள், அவளுக்குச் சின்ன வயதில் காமாலை வந்தது, தண்ணீரைச் சுத்தம் பண்ணப் படிக்கப் போகிறாள் என்பது தெரிந்துபோயிற்று. வீட்டு மனைக்காரர் ஒருவர், "நல்லா வரட்டும் சார்" என்று வாழ்த்திவிட்டு மனையைப் பற்றிப் பேசாமலே வைத்துவிட்டார். மகள்தான் கேட்டதில்லை; வீட்டில் போன் அடித்தால் மாடிப்படிக்கு ஓடிவிடுவார். அவளும் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள்.

இந்த முறை விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரே அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். அவருக்குச் சந்தோஷத்தை விட வேறொன்று பெரிதாக இருந்தது.

"எனக்குப் போனே வரலையே? சரிபார்க்காம எப்படிக் குடுத்தான்? இது போலியா இருக்குமோ?"

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு வந்துச்சுங்க" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படி வரும்? நம்பர் என்னோடதுல்ல?"

"நான்தாம்பா மாத்திக் குடுத்தேன்" என்றாள் மகள். "அம்மா நம்பரப் போட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு."

"விசா ஆபீஸுக்குப் பயந்தா?"

"உங்களுக்குப் பயந்துதான்."

எத்தனை நாள்! குளியலறை ஜன்னலில் போனை வைத்துக் காத்திருந்தது, ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் ஒப்பித்தது, எதுவும் தேவையே இல்லை. கத்தலாம், கத்துவதற்கு நியாயமும் இருந்தது. பாஸ்போர்ட்டை மூடி மகள் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஒன் எடத்துல நான் இருந்திருந்தா நானும் அதத்தாம்மா பண்ணியிருப்பேன்."

"தெரியும்ப்பா" என்றாள் அவள். "உங்க பொண்ணுதானே நான்."

அவள் விமானம் ஏறிய மறுநாளும் அவர் வேலைக்குப் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை. விடுமுறைக்கு முந்தின நாள், சரியான கூட்டம். பில், பை, ஆள், ஓட்டை. பில், பை, ஆள், ஓட்டை. நடுவில் போன் அடித்தது. தெரியாத எண், முன்னால் கூட்டல் குறி வேறு. கை தானாக எடுத்தது, வாய் தானாக ஓடியது.

"வணக்கங்க. ஆமாங்க, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நான்தாங்க அவ அப்பா. கேளுங்க."

மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"ஹலோ? யாரு?"

"நான்தான்ப்பா" என்றது குரல். "என்னோட புது நம்பர்." "இப்படித்தான் இவ்வளவு நாளும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்களா?"

எக்ஸ்ரேவுக்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. எதிரே கை நிறைய வாளிகளும் மூடிகளுமாக நின்ற ஓர் அம்மாள் பொறுமை இழந்து பில்லை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "எவ்வளவு நேரம்யா நிக்கறது? பாக்கறதுன்னா பாரு, இல்ல வழிய விடு!" என்று கத்தினாள்.

அவர் பில்லையும் பார்க்கவில்லை, வாளிக்குள்ளும் பார்க்கவில்லை. ஒதுங்கி வழியை விட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.